பழைய பிரஸ் கேமராவுக்கு உதிரிப் பாகம் தேடுகிறீர்களா? முதலில் அளந்து பாருங்கள்

எழுபது எண்பது வயதான பிரஸ் கேமரா (அந்தக் காலப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வைத்திருந்த, மடக்கும் பெரிய ஃபிலிம் கேமரா) ஒன்று கைக்கு வந்தால் முதல் இரண்டு நாள் கொண்டாட்டம்தான். முன்கதவைத் திறப்பதும் துருத்தியை இழுப்பதும் மறுபடி மூடுவதுமாகப் பொழுது போய்விடும். மூன்றாம் நாள் நிதானமாக உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஃபோகஸ் பார்க்கும் பின்கண்ணாடியில் விரிசல், துருத்தியின் மூலையில் பொத்தல், லென்ஸைப் பொருத்தும் லென்ஸ் பலகையைக் காணோம், தூரத்தைக் கணித்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டருக்குள் ஒரே மூட்டம். கேமராவைச் செய்த நிறுவனத்தைக் கேட்கலாம் என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இயங்கிய கிராஃப்ளெக்ஸ் 1973-லேயே மூடப்பட்டுவிட்டது.

ஆனாலும் பயப்பட வேண்டாம். அந்த நிறுவனம் 1912-இல் தொடங்கிய ஸ்பீடு கிராஃபிக் வரிசை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உற்பத்தியில் இருந்தது. அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் கையில் நெடுங்காலம் இருந்தது அதுதான். 1945-இல் இவோ ஜிமாவில் ஜோ ரோசென்தால் கொடியேற்றப் படத்தை எடுத்ததும் ஒரு ஸ்பீடு கிராஃபிக்கில்தான். அவ்வளவு செய்யப்பட்டதால் உதிரிகள் இன்னும் யாருடைய மேசை இழுப்பறையிலாவது கிடக்கின்றன. தேடினால் கிடைக்கும். ஆனால் கிடைத்தது நம் கேமராவில் உட்காருமா என்பதுதான் கேள்வி. நான் முதலில் வாங்கிய ஐந்து உதிரிகளில் மூன்று உட்காரவில்லை. விற்றவர்கள் ஏமாற்றவில்லை, நான்தான் அளக்காமல் வாங்கினேன்.

படி 1: உங்களிடம் இருப்பது எது?

4×5 அங்குல ஃபிலிம் போடும் பிரஸ் கேமரா எதைப் பார்த்தாலும் 'ஸ்பீடு கிராஃபிக்' என்று எழுதி விற்கும் வழக்கம் இருக்கிறது. அதை நம்பி உதிரி வாங்கக் கூடாது. உங்கள் கேமராவைப் பற்றிச் சில விஷயங்களை நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கிராஃபிக் வேறு, கிராஃப்ளெக்ஸ் வேறு. கிராஃப்ளெக்ஸ் என்பது நிறுவனத்தின் பெயர். அதே பெயரில் அவர்கள் உள்ளே கண்ணாடி வைத்து, மேலிருந்து குனிந்து பார்க்கும் பெரிய ரிஃப்ளெக்ஸ் கேமராக்களையும் செய்தார்கள். அவற்றின் பின்பக்கமும், ஃபிலிமை வைத்துப் பின்னால் செருகும் ஃபிலிம் ஹோல்டர்களும் வேறு அமைப்பு. ஓரத்தில் நீளப் பள்ளம் வெட்டிய கிராஃப்ளெக்ஸ் ஹோல்டர், கிராஃபிக்கின் சாதாரணப் பின்பக்கத்தில் சரியாக உட்காராது. புதியவர்கள் காசை விடும் முதல் இடம் இதுதான்.

அடுத்து, எந்தத் தலைமுறை என்று பாருங்கள். ஆனிவர்சரி மாடல் 1940 முதல் 1947 வரை வந்தது. 1947-இல் பேஸ்மேக்கர் வந்தது. அதில் ஸ்பீடு, கிரவுன் என்று இரண்டு வகை. ஸ்பீடில் பின்பக்கம் ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் துணித்திரை ஷட்டர் உண்டு. கிரவுனில் அது கிடையாது. அதனால் உடல் மெலிந்தது, எடையும் குறைவு. பெட்டியின் வலப்பக்கம் திரையை முறுக்கும் சாவி இருந்தால் ஸ்பீடு, இல்லையென்றால் கிரவுன். 1958-இல் வந்த சூப்பர் கிராஃபிக் முழுக்க உலோகம். அதன் பாகங்களைத் தனிக் கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது கிராஃபிக்கே இல்லாமலும் போகலாம். சிகாகோவின் புஷ் பிரஸ்மேன், பர்க் அண்ட் ஜேம்ஸ், இங்கிலாந்தின் எம்.பி.பி., ஜெர்மனியின் லின்ஹாஃப் டெக்னிகா எல்லாம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே குடும்பம் போலத்தான் இருக்கும். திருகாணியைக் கழற்றும்போதுதான் வித்தியாசம் தெரியும்: அமெரிக்கக் கேமராக்களில் அங்குல மரை, லின்ஹாஃபில் மெட்ரிக் மரை. ஒன்றின் ஆணியை இன்னொன்றில் பலமாகத் திருகினால் எழுபது ஆண்டு தாங்கிய மரை ஒரே நொடியில் போய்விடும்.

படி 2: கெட்டிருப்பது பாகமா, பராமரிப்பா?

உதிரி தேடி வருபவர்களில் பாதிப் பேருக்கு உதிரியே தேவைப்படாது என்பது என் அனுபவம். லென்ஸ் ஷட்டரில் 1 நொடி, ½ நொடி வேகங்கள் இழுத்துக்கொண்டே நின்றுவிடுகின்றனவா? உள்ளே பல்சக்கரம் உடைந்திருக்க வாய்ப்புக் குறைவு. எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்தால் போதும். தயவுசெய்து வெளியிலிருந்து எண்ணெய் விடாதீர்கள். அது ஷட்டர் இதழ்களில் படர்ந்து, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ரேஞ்ச்ஃபைண்டரில் மங்கல் என்றால் மேல்மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் தூசியைப் பாருங்கள். மூன்று வாரமாக மாற்றுக் கண்ணாடி தேடிவிட்டு, கடைசியில் ஊதுகுழலால் ஊதியதும் தெளிந்த கேமரா என்னிடமே உண்டு. ஆனால் உள்ளே இருப்பது பாதி வெள்ளி பூசிய கண்ணாடி. பஞ்சால் அழுத்தித் துடைத்தால் பூச்சு கையோடு வந்துவிடும். ஊதலாம், துடைக்கக் கூடாது.

துருத்தியைச் சோதிக்க இருட்டறையும் சிறிய டார்ச்சும் போதும். துருத்தியை முழுவதும் இழுத்து, டார்ச்சை உள்ளே விட்டு, மடிப்பு மூலைகளை வெளியிலிருந்து பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்துவையுங்கள்.

படி 3: அளவும் படமும்

வெர்னியர் காலிப்பர் ஒன்றும், திருகாணித் தலையின் வெட்டில் இறுக்கமாக உட்காரும் நல்ல திருப்புளிகளும் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுங்கள். பாகத்தின் நீளம், அகலம், தடிமன், ஆணித் துளைகளுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு விற்பவரிடம் 'இது என் மாடலுக்குப் பொருந்துமா' என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் ஆமாம் என்பார். 'துளையிலிருந்து துளைக்கு எத்தனை மி.மீ.' என்று கேட்டால் அளந்து சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிராஃப்ளெக்ஸ் தன் பழுதுபார்ப்போருக்காகப் பாகப் பட்டியல்கள் அச்சிட்டது. அவற்றின் ஸ்கேன் பிரதிகள் இணையத்தில் உலவுகின்றன. உங்கள் மாடலுக்கான பட்டியல் கிடைத்தால் பாகத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை விட எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. ஒரே சிறு துண்டை ஒருவர் 'கொக்கி' என்பார், இன்னொருவர் 'பிடி' என்பார், மூன்றாமவர் 'ஏதோ உலோகத் துண்டு' என்று போட்டு விற்பார்.

படி 4: எங்கே தேடுவது

ஏல இணையதளங்கள், பழைய கேமராச் சந்தைகள், பெரிய ஃபிலிம் கேமரா ஆர்வலர் குழுக்கள் எல்லாம் வழக்கமான இடங்கள். கொஞ்சம் யோசித்தால் தோன்றும் இன்னொரு இடம், தொழிலை விட்ட பழுதுபார்ப்பவர்களின் இழுப்பறை. அவர்களுக்கு விற்கும் எண்ணமே இருக்காது, கேட்டால் கொடுப்பார்கள். உங்கள் அளவுக் குறிப்பையும் படத்தையும் காட்டுங்கள். வெறுங்கையோடு போய் 'ஒரு ஸ்பிரிங் வேண்டும்' என்றால் யாருக்கும் புரியாது.

இரண்டு மூன்று பாகம் தேவைப்பட்டால் தனித்தனியாகத் தேடாதீர்கள். அதே மாடலில் உடைந்த கேமரா ஒன்றை மொத்தமாக வாங்குங்கள். என் நண்பர்களிடையே இதற்குப் பலியாடு என்று பெயர். லென்ஸ் இல்லாத, தோல் கிழிந்த, யாரும் சீண்டாத உடல், உதிரிகளின் கூட்டுத்தொகையை விட மலிவாகவே கிடைக்கும். திருகாணிகளும் கூடவே வருவது தனி லாபம். கையில் இருப்பது பேஸ்மேக்கர் ஸ்பீடு என்றால், முன்தட்டு, லென்ஸ் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் போன்றவற்றுக்குக் கிரவுனும் பலியாடாகப் பயன்படும். திரை ஷட்டருக்கு உதவாது. வாங்கும் முன் நான்கு படங்கள் கேளுங்கள்: பின்பக்கத்தைக் கழற்றி உள்ளே எடுத்தது, முன்தட்டை முழுக்கத் திறந்து மேலிருந்து எடுத்தது, துருத்தியை விரித்து எடுத்தது, ரேஞ்ச்ஃபைண்டர் பக்கம் எடுத்தது. பின்பக்கப் படத்தை அனுப்பத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பின்கண்ணாடி: இங்கே மட்டும் அவசரம் வேண்டாம்

மாற்றுவதற்கு மிக எளிதான பாகம் இதுதான். தவறாக மாற்றினால் மாதக்கணக்கில் படுத்துவதும் இதுதான். நீங்கள் ஃபோகஸ் பார்ப்பது கண்ணாடியின் மீது, படம் விழுவதோ ஃபிலிமின் மீது. இரண்டும் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும். 4×5 ஹோல்டரின் முகப்பிலிருந்து உள்தகடு வரையிலான ஆழம், தர அளவின்படி 0.197 அங்குலம், அதாவது சுமார் 5 மி.மீ. ஃபிலிமின் தடிமனைக் கழித்தால் கண்ணாடியின் சொரசொரப்பான முகம் 0.190 அங்குல ஆழத்தில், ஏறத்தாழ 4.8 மி.மீ.-இல் நிற்க வேண்டும். பின்பக்கத்தைக் கழற்றி, அதன் உள்முகத்தில் நேரான உலோக அளவுகோலைக் குறுக்கே வைத்து, காலிப்பரின் வால்முனையால் நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். அளவுகோலின் தடிமனைக் கழிக்க மறக்காதீர்கள்.

சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கி இருக்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுவிட்டு லென்ஸைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

சிக்கலின் அடுத்த அடுக்கு ஃப்ரெனல். பல கிராஃபிக்குகளில் 'எக்டாலைட்' என்ற பெயரில் வளையவளையமாக வரி போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தகடு உண்டு. திரையின் மூலைகளுக்கு வெளிச்சம் கூட்டுவது அதன் வேலை. கிராஃப்ளெக்ஸ் அதைக் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் வைத்தது. தகட்டின் தடிமனைக் கணக்கில் கொண்டே அந்தப் பின்பக்கம் கடையப்பட்டது. உங்களுக்கு முன் கேமராவை வைத்திருந்த யாரோ கீறல் விழுந்த ஃப்ரெனலைத் தூக்கிப்போட்டுவிட்டு, கண்ணாடியை மட்டும் அதே மேடையில் உட்காரவைத்திருந்தால் தளம் இடம் மாறிவிடும். தகடு 1.5 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி 1.5 மி.மீ. முன்னேறும், பிளாஸ்டிக் வழியே போகும்போது ஒளி குவியும் இடம் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் தள்ளும் என்பதால் நிகரப் பிழை சுமார் 1 மி.மீ. எஃப் 4.7 துளையில் 4×5 ஃபிலிம் தாங்கும் பிழையோ முன்னும் பின்னும் சுமார் அரை மி.மீ.தான். கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்த முகம் படத்தில் மங்கலாக வருவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஆகவே முதலில் உங்கள் பின்பக்கம் ஃப்ரெனலோடு சேர்த்துச் செய்யப்பட்டதா, வெறும் கண்ணாடிக்கானதா என்று ஆழத்தை அளந்து முடிவுசெய்யுங்கள். வெறும் கண்ணாடிக்கான பின்பக்கத்தில் பிரகாசம் வேண்டுமென்றால் ஃப்ரெனலைக் கண்ணாடிக்குப் பின்னால், உங்கள் கண் பக்கம் வையுங்கள். ஃபோகஸ் மாறாது.

கண்ணாடியைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. 2 மி.மீ. தட்டைக் கண்ணாடித் துண்டு இரண்டு, சிலிக்கன் கார்பைடு பொடி (500 அல்லது 600 எண்), கொஞ்சம் தண்ணீர் போதும். பொடியை நடுவில் போட்டு ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். இட்லிக்கு மாவு அரைக்கும் பொறுமை இருந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். தேய்க்கும் முன் ஓரங்களை மழுக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ரத்தக்காயம் நிச்சயம்.

பின்பக்கச் சட்டமே போயிருந்தால் கிராஃப்லாக் வகையைத் தேடுங்கள். 1949-இல் வந்த அமைப்பு இது. கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு ரோல் ஃபிலிம் ஹோல்டரைப் பக்கத்துப் பூட்டுகளால் இறுக்கலாம். பேஸ்மேக்கரில் பழைய ஸ்பிரிங் பின்பக்கத்துக்குப் பதிலாக இதைப் பொருத்த முடியும். அதற்கு முந்தைய உடல் என்றால் ஆணித் துளைகளை அளந்த பிறகே காசு கொடுங்கள்.

லென்ஸ் பலகையும் வளையமும்

ஆனிவர்சரி 4×5-இன் பலகை 4 அங்குலச் சதுரம். பேஸ்மேக்கரின் உலோகப் பலகை அதை விடச் சற்றுச் சிறியது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். என் மூன்று தோல்விகளில் இரண்டு இதில் வந்தவை. லின்ஹாஃப் டெக்னிகாவின் பலகை 96×99 மி.மீ. வேறு பல நிறுவனங்களும் அந்த அளவைப் பின்பற்றியதால் எளிதில் கிடைக்கிறது.

நடுத்துளை ஷட்டரைப் பொறுத்தது. கோபல் 0-க்கு 34.6 மி.மீ., கோபல் 1-க்கு 41.6 மி.மீ. கிராஃபெக்ஸ், சூப்பர்மேட்டிக் போன்ற பழைய அமெரிக்க ஷட்டர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தாது, நேரடியாக அளக்க வேண்டும். சின்னத் துளையை அரத்தால் பெரிதாக்கலாம். பெரிய துளையைச் சிறிதாக்க முடியாது. எனவே சந்தேகம் வந்தால் துளையே போடாத பலகையை வாங்குங்கள்.

பின்னால் இறுக்கும் வளையம் தொலைந்திருந்தால் மரையின் வெளிவிட்டத்தோடு, மரைக்கு மரை உள்ள இடைவெளியும் தெரிய வேண்டும். ஒரு லேத் பட்டறையில் ஷட்டரையே கொடுத்து அதற்கேற்றபடி கடையச் சொல்வது, மாதக்கணக்கில் தேடுவதை விட நல்லது.

லென்ஸ் வாங்குவதானால் ஷட்டரோடு முழுமையாக வாங்குங்கள். லென்ஸின் முன்பாதியை ஒன்றிலிருந்தும் பின்பாதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்த்தால் ஓடும், ஆனால் கூர்மை போய்விடும். கோடாக் எக்டார் லென்ஸ்களின் எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'கேமரோசிட்டி' (CAMEROSITY) என்ற பத்தெழுத்துச் சொல்லின் எழுத்துகளுக்கு முறையே 1 முதல் 9 வரையும் கடைசி எழுத்துக்கு 0-வும் என்று வைத்தால் தயாரித்த ஆண்டு வரும். 'இ-ஓ' (EO) என்றால் 4-6, அதாவது 1946. விற்பவர் சொல்லும் கதையை இதைக்கொண்டு சரிபார்க்கலாம்.

ரேஞ்ச்ஃபைண்டர்

பக்கவாட்டில் பொருத்திய கலார்ட் வகை என்றால் வேறு லென்ஸுக்கும் உள்ளேயே சரிசெய்துகொள்ள முடியும். அலுப்புப் பிடித்த வேலை, ஆனால் உதிரி தேவையில்லை. 1955 முதல் வந்த மேல்மாடி ரேஞ்ச்ஃபைண்டர் வேறு மாதிரி. அதற்கு லென்ஸுக்கு லென்ஸ் தனியான கேம் (லென்ஸின் நகர்வை ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைக்கும் வளைவான உலோகத் துண்டு) உண்டு, அதில் எண் பொறித்திருக்கும். 135 மி.மீ. ஆப்டார் லென்ஸுக்கும் 135 மி.மீ. செனார் லென்ஸுக்கும் குவியத் தூரம் பெயரளவில்தான் ஒன்று, கேம் ஒன்றல்ல. 135 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். சரியான கேம் கிடைக்காவிட்டால் பித்தளைத் தகட்டில் வெட்டி, தேய்த்து, தூரத்துக்குத் தூரம் சோதித்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பொறுமைசாலி இல்லை. பின்கண்ணாடியில் ஃபோகஸ் பார்த்தே காலம் தள்ளுகிறேன், படங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

பூச்சு அழிந்த பாதிக் கண்ணாடியை மாற்றுவது எளிது. அதே தடிமனில் பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடியை வாங்கி அளவுக்கு வெட்டினால் போதும். தடிமன் மாறினால் பிம்பம் நகரும், மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

துருத்தி

குண்டூசித் துளை நான்கைந்து என்றால் கறுப்புத் துணிச்சாயத்தை நெகிழும் பசையோடு கலந்து, உள்பக்கம் மெல்லிதாகப் பூசலாம். காயும்வரை துருத்தி விரிந்தே இருக்கட்டும். மூலையெல்லாம் சல்லடையாகிவிட்டால் பூச்சு எதுவும் நிற்காது. புதிதாகச் செய்து தருபவர்களிடம் போகலாம். பழைய துருத்தியையே மாதிரியாக அனுப்புவது நல்லது. பலியாட்டின் துருத்தியை எடுப்பதானால் டார்ச் சோதனையை அதற்கும் செய்யுங்கள், அதுவும் அதே வயது ஆடுதானே.

திரை ஷட்டர்

திரை கிழிந்த ஸ்பீடு கிராஃபிக்கைத் தூக்கிப்போட வேண்டாம். திரையை முழுத் திறப்பு நிலையில் நிறுத்திவிட்டு, லென்ஸில் உள்ள ஷட்டரால் படமெடுக்கலாம். அப்போது அது எடை கூடிய கிரவுன், அவ்வளவுதான். ஷட்டர் இல்லாத பழைய லென்ஸைப் போட ஆசை இருந்தால்தான் திரை வேண்டும். பழைய ஆனிவர்சரியில் நான்கு பிளவுகள், ஆறு இழுவிசைகள் என 24 வேகங்கள். பேஸ்மேக்கரில் இழுவிசை இரண்டே. எதுவானாலும் திறக்கும் முன் ஸ்பிரிங்கின் விசையை முழுவதும் தளர்த்துங்கள். முதல்முறை செய்பவருக்கு இது உகந்த வேலை இல்லை என்பது என் கருத்து.

சில்லறைச் சாமான்

கைப்பிடித் தோல், கம்பிச் சட்டப் பார்வைக்காட்டி, குழல் பார்வைக்காட்டி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தண்டவாளத்தின் மேல் மடங்கி நிமிரும் இன்ஃபினிட்டி ஸ்டாப் என்ற இரண்டு சின்னத் துண்டுகளை முதலிலேயே வாங்கிவிடுங்கள். லென்ஸைத் தொலைதூர ஃபோகஸில் நிறுத்துபவை அவை. அவை இல்லாமல் ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்ய முடியாது. கழற்றும்போது அவற்றின் ஆணிதான் முதலில் தரையில் விழுந்து காணாமல் போகும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாஷ் கைப்பிடியை மட்டும் மறந்துவிடுங்கள். கிராஃப்ளெக்ஸின் மூன்று பேட்டரிக் குழல், 1977-இல் வந்த ஒரு விண்வெளித் திரைப்படத்தில் ஒளிவாளின் பிடியானது. அன்றிலிருந்து படமெடுப்பவர்களை விட வாள் சேகரிப்பவர்களே அதை அதிகம் வாங்குகிறார்கள். விலையும் அவர்கள் விலைதான். உங்கள் கேமராவோடு அது வந்திருந்தால், அதை விற்றே மற்ற உதிரிகளை வாங்கிவிடலாம்.

முப்பரிமாண அச்சில் பலகை, மூடி, கேம் செய்து தருபவர்களும் இப்போது உண்டு. பலகை வாங்கினால் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாகத் தெரியும் பிளாஸ்டிக் மெல்லிதாக இருந்தால் ஒளி கசியலாம். உள்பக்கம் கறுப்புச் சாயமோ அலுமினியத் தாளோ போட்டுச் சமாளிக்கலாம்.

பொருத்திய பிறகு

பாகம் வந்ததும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டாதீர்கள். ஒன்றை மாட்டி, சோதித்து, அடுத்ததற்குப் போங்கள். பின்கண்ணாடியை மாற்றினால், மேசை மேல் ஒரு அளவுகோலைச் சாய்வாகப் படுக்கவைத்து, நடுவில் ஒரு எண்ணில் ஃபோகஸ் செய்து, லென்ஸ் துளையை முழுவதும் திறந்து ஒரு ஃபிலிம் எடுங்கள். கூர்மை அந்த எண்ணில் விழுந்தால் கண்ணாடி சரி. அதற்கு முன்னால், கேமரா பக்கம் விழுந்தால் கண்ணாடி அதிகம் முன்னே, லென்ஸ் பக்கம் நிற்கிறது, பின்னால் விழுந்தால் அதிகம் பின்னே நிற்கிறது என்று பொருள். மெல்லிய காகிதத் துண்டுகளை மூலைகளில் வைத்தோ எடுத்தோ சரிசெய்யலாம்.

கழற்றிய பழைய பாகங்களையும் எறியாதீர்கள். பெயர், மாடல், அளவு எழுதிய சிறு பைகளில் போட்டு வையுங்கள். அடுத்த வாரமே யாராவது வந்து, 'உங்களிடம் பேஸ்மேக்கர் இன்ஃபினிட்டி ஸ்டாப் ஆணி ஒன்று இருக்குமா?' என்று கேட்பார்கள்.